இறங்கியதுதான் அதிசயம்

டிசம்பரின் முதல் ஞாயிறு. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே இருக்கும் லோனாவாலாவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் நெல்வயல்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் நான்கு பேர் நடந்துகொண்டிருந்தோம். எல்லோரும் மும்பைவாசிகள். இருவர் செம்பூர்க்காரர்கள். நான் மாட்டுங்கா. நான்காமவர், தாராவியில் மளிகைக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு எழுபது வயதில் முதன்முதலாக பைனாகுலர் வாங்கிய அண்ணாச்சி. விடியுமுன் புனே ரயிலைப் பிடித்து வந்தது வானம்பாடிகளையும் நெட்டைக்காலிகளையும் பார்ப்பதற்காக. இரண்டும் மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சிறு பறவைகள். இது எது, அது எது என்று பிரித்தறிவதற்குள் கண் பூத்துவிடும். இதற்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விடுகிறவர்கள்மேல் வீட்டில் யாருக்கும் மரியாதை இருப்பதில்லை.

எட்டரை மணி வாக்கில், வயலுக்குக் குறுக்கே போகும் மின்கம்பியில் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பதினொன்று. நான் பைனாகுலரை உயர்த்தாமலே ‘செந்நிற வல்லூறு’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் தரையைப் பார்க்கத் தொடங்கினேன். குளிர்காலத்தில் இந்தப் பக்கத்துப் புல்வெளிகளில், கம்பியில் உட்கார்ந்திருக்கும் சிறு வல்லூறு என்றால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அண்ணாச்சிதான் விடவில்லை.

“செந்நிற வல்லூறு பதினொன்று சேர்ந்து உட்காருமா தம்பி? அது ஒண்டிக்கட்டை ஆயிற்றே.”

உட்காராது. குளிர்காலத்துக்கு இங்கே வரும் செந்நிற வல்லூறு தனக்கென்று ஒரு வயற்பரப்பை எடுத்துக்கொண்டு பெரும்பாலும் தனியாகவே திரியும். பைனாகுலரை உயர்த்தினேன். முதலில் கண்ணில் பட்டது கால்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய கால்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருந்தன. ஆண் பறவைகளின் உடல் முழுக்கக் கற்பலகைச் சாம்பல். தொடையும் வாலடியும் மட்டும் செங்கல் நிறம். அவற்றில் ஒன்று கம்பியை விட்டுக் கிளம்பியபோது சிறகின் உள்பக்கத்து முன்பாதி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. சாம்பல் உடலோடு அந்த வெள்ளை வேறு எந்தச் சிறு வல்லூறுக்கும் இங்கே கிடையாது. பெண்களுக்கு வெளுத்த மார்பு, அதில் கறுப்புப் புள்ளியும் கோடும், கண்ணுக்குக் கீழே சிறு மீசை. அமூர் வல்லூறு.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருந்து, கழுகு, வைரி, ராஜாளி, வல்லூறு என்று நம்மிடம் இரைகொல்லிகளுக்குப் பெயர்கள் ஏராளம். ஊருக்கு ஊர் அவை இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் இந்தப் பறவை செய்தியில் வரும்போதெல்லாம் ‘அமூர் பருந்து’ ஆகவோ ‘அமூர் கழுகு’ ஆகவோ ஆகிவிடுகிறது. வாசகர் சிறகை விரித்து வட்டமிடும் பெரிய பறவை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார். உண்மையில் இது புறா அளவுதான். எடை, அண்ணாச்சியின் கடைக் கணக்கில் சொன்னால், அரைக்கால் கிலோவும் மேலே கொஞ்சம் கொசுறும். மரபணு ஆய்வுகளின்படி வல்லூறுகள் கழுகு, பருந்துகளைவிடக் கிளிகளுக்கே நெருங்கிய உறவு. வளைந்த அலகையும் கூரிய நகத்தையும் வைத்து நாம்தான் இவற்றை ஒரே குடும்பமாக்கிவிட்டோம். இந்தப் பெயர்க் குழப்பம் வெறும் சொல் தகராறு அல்ல என்பது, கடலைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

அமூர் என்பது ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் எல்லையாக ஓடும் பேராறு. தென்கிழக்கு சைபீரியா, மங்கோலியா, வடசீனம் ஆகிய இடங்களில் இந்த வல்லூறுகள் குஞ்சு பொரிக்கின்றன. குளிர் தொடங்கும்போது புறப்பட்டு வடகிழக்கு இந்தியா வந்து, அங்கிருந்து இந்தியத் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து, அரபிக்கடலையும் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென் ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. போக வர 20,000 கிலோமீட்டருக்கு மேல். இரைகொல்லிப் பறவைகளில் இத்தனை தூரம் வலசை போகிறவை மிகச் சில.

வரைபடத்தை எடுத்து நாகாலாந்துக்கும் சோமாலியாவுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு தக்காணத்தின் மேலாகவே போகும். அப்படியென்றால் நவம்பர், டிசம்பரில் அமூர் வல்லூறு மகாராஷ்டிரத்து வானத்தில் இருப்பது எதிர்பாராத செய்தியே அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பெருங்கூட்டமாக நம் தலைக்கு மேலே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எதிர்பாராதது, அவற்றில் பதினொன்று ஒரு நெல்வயலின் மின்கம்பியில் இறங்கி உட்கார்ந்திருந்தது. வழிதவறி வந்த பறவை என்று செம்பூர் நண்பர் ஒருவர் சொன்னார். வழி சரியான வழிதான். நின்ற இடம்தான் அவற்றின் கால அட்டவணையில் இல்லாதது.

2013 நவம்பரில் நாகாலாந்தில் மூன்று பறவைகளின் முதுகில் ஐந்து கிராம் எடையுள்ள, சூரிய ஒளியில் இயங்கும் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தினார்கள். இந்திய வனஉயிர் நிறுவனமும் ஹங்கேரியப் பறவையியலாளர்களும் நாகாலாந்து வனத்துறையும் சேர்ந்து செய்த வேலை அது. பறவைகளுக்கு நாகா, பாங்டி, வோகா என்று அந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். அவை எங்கே நின்று நின்று போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. பறவை நிற்கவே இல்லை. ஏறத்தாழ ஐந்தரை நாளில், இரவும் பகலுமாக, 5,600 கிலோமீட்டரைத் தாண்டிச் சோமாலியாவில் போய்த்தான் இறங்கியது. இரவில் மும்பை விளக்குகளுக்கு மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் அரைக்கால் கிலோப் பறவை போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

இத்தனை தூரம் இறக்கையடித்துப் போகப் பறவையின் கொழுப்பு மட்டும் போதாது. காற்று தள்ள வேண்டும். அந்தக் காற்றைத் தமிழ் வாசகருக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஐப்பசி அடைமழை என்றால் என்ன என்று விளக்குவது பெரும்பாடு. இங்கே மழை ஜூனில் கொட்டத் தொடங்கி அக்டோபர் நடுவுக்குள் ஓய்ந்துவிடும். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் ‘நான்கு நாளாக வெயிலே இல்லை’ என்று சொல்லும்போது, இங்கே வானம் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டுப்போல இருக்கும். காரணம் ஒன்றேதான். குளிர்காலத்தில் வடக்கு நிலப்பரப்பு குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் கூடி, வடகிழக்கிலிருந்து காற்று தெற்கும் மேற்குமாக வீசுகிறது. வங்கக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு தமிழகக் கரையில் ஏறும்போது அது மழை. தக்காணத்தைக் கடந்து வரும்போது உலர்ந்துபோய் வெறும் வாடை. அதே காற்று கரையைத் தாண்டி அரபிக்கடலின் மேல் ஆப்பிரிக்காவை நோக்கிப் போகிறது. வல்லூறுகள் அதில் ஏறிக்கொள்கின்றன.

இந்தக் காற்றை முதலில் கண்டுகொண்டவர்கள் பறவை ஆய்வாளர்கள் அல்லர். பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிக்கொண்டு போன யவனக் கலங்கள் கோடையில் தென்மேற்குக் காற்றில் வந்து, டிசம்பர், ஜனவரியில் இதே வடகிழக்குக் காற்றில்தான் திரும்பின. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று இந்தக் கரையின் துறைமுகங்களாகச் சோபாராவையும் கல்யாணையும் சொல்கிறது. ஆம், நம் லோக்கல் ரயில் நிற்கும் அந்தக் கல்யாண்தான். துறைமுகத்திலிருந்து மலையேறித் தக்காணத்துக்குள் போகும் வணிகவழியில் இருப்பது லோனாவாலாவுக்கு அருகிலுள்ள கார்லா குகை. அதன் தூண்களில் யவனர்கள் கொடுத்த நன்கொடைகள் கல்வெட்டாக இருக்கின்றன. நாங்கள் நின்ற வயலிலிருந்து கார்லா ஒன்றும் பெரிய தூரமில்லை. ஒரே மாதத்தில், ஒரே காற்றுக்காக, ஒரே கரைக்கு வந்த இரண்டு வகைப் பயணிகள் என்று அன்று தோன்றியது. இது பறவையியல் அல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது பெயர் விவகாரத்துக்கு வருவோம். கழுகும் பருந்தும் போன்ற அகன்ற சிறகுக்காரர்கள் வெயிலில் சூடேறி நிலத்திலிருந்து எழும் காற்றின் மேல் ஏறி, சிறகை அசைக்காமல் வழுக்கிக்கொண்டே போவார்கள். செலவில்லாத பயணம். ஆனால் கடல் நிலத்தைப்போலச் சூடேறுவதில்லை. தூக்கிவிடும் காற்று அங்கே மிகக் குறைவு. அதனால் பெரிய கழுகுகள் கடலைக் கண்டால் கரையோரமாகச் சுற்றியோ, மிகக் குறுகலான இடத்தில் தாண்டியோதான் போகின்றன. வல்லூறின் சிறகு நீண்டு கூர்மையானது, விடாமல் அடித்துப் பறப்பதற்கென்றே அமைந்தது. அதற்குத் தூக்கிவிடும் காற்று வேண்டாம், முதுகில் தள்ளும் காற்று போதும். ‘அமூர் கழுகு’ என்று எழுதினால் இந்தக் கடற்பயணமே புரியாமல் போய்விடும்.

சரி, சோறு? 2,500 கிலோமீட்டருக்குமேல் தண்ணீர். இங்கேதான் கதைக்குள் தட்டான் வருகிறது.

மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியல் அறிஞர் ஒரு விந்தையைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் தட்டான் முட்டையிட்டுப் பெருகுவதற்கு ஏற்ற நன்னீர் அநேகமாக இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை மஞ்சள் நிறத் தட்டான்கள் திரள்திரளாக வந்து இறங்குகின்றன. சில நாளில் காணாமல் போகின்றன. நம் ஊரில் மழை விட்ட மாலையில் மொட்டைமாடிக்கு மேல் கூட்டமாகச் சுற்றுமே, அதே தட்டான். இந்தியாவில் மழைக் குட்டைகளில் பிறந்து, குட்டை வற்றும் காலத்தில் கிளம்பி, உயரத்தில் வீசும் வடகிழக்குக் காற்றில் மிதந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் மழையைத் தேடிப் போகிறது என்று 2009இல் அவர் எழுதினார். அமூர் வல்லூறு, சுடலைக்குயில் போன்ற பூச்சி தின்னும் பறவைகள் கடலைக் கடப்பதும் இதே காலம், இதே திசை என்று காட்டி, பறவைக்கு வழியிலேயே சாப்பாடு பறக்கிறது என்பது அவர் வைத்த கருத்து. நடுக்கடலில், இரவில், பறவை எத்தனை தட்டானைப் பிடித்துத் தின்றது என்று யாரும் கூடவே போய் எண்ணிவிட முடியாது. ஆனால் காலமும் காற்றும் இரையும் இத்தனை துல்லியமாகப் பொருந்துவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது நமக்குத் தெரியும். அது உயரப் பறந்தால் எங்கே போகிறது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

வடகிழக்கில் இந்தப் பறவைகள் தங்குவதும் சாப்பாட்டுக்காகவே. நாகாலாந்தின் வோகா மாவட்டத்தில் டோயாங் ஆற்றில் அணை கட்டியபின் உருவான நீர்த்தேக்கத்தின் பக்கம், அக்டோபர், நவம்பரில் மழை ஓய்ந்து ஈசல் கிளம்பும்போது, லட்சக்கணக்கில் வந்து அடைகின்றன. ஈசலின் கொழுப்பு எப்படிப்பட்டது என்பதை, சிறு வயதில் அதை அரிசியோடு வறுத்துத் தின்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பறவை அதைத் தின்று உடம்பை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சாகக் கிளம்புகிறது. 2012இல் அதே இடத்தில் மீன்வலைகளைக் குறுக்கே கட்டி, அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகளைப் பிடித்துக் கொன்றார்கள் என்று நேரில் போய் ஆவணப்படுத்தியவர்கள் மதிப்பிட்டார்கள். படங்கள் வெளிவந்ததும் உலகமே அதிர்ந்தது. ஆனால் இதில் வெளியூர்க் கண்டனத்தைவிடப் பெரிய செய்தி அடுத்த ஆண்டு நடந்தது: கிராம சபைகளும் தேவாலயமும் தடை போட்டு, வேட்டையாடியவர்களே காவலுக்கு நின்று, 2013இல் வேட்டை நின்றுபோனது. பாங்டி என்ற பெயரைச் சுமந்து பறந்த பறவைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது, முந்தைய ஆண்டு வலை கட்டிய கிராமங்களில் ஒன்று.

அப்படி வயிறு நிறையக் கிளம்பிய பறவை லோனாவாலாவில் ஏன் இறங்க வேண்டும்? ஒரே காரணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாப் பறவைகளும் ஒரே அளவு கொழுப்போடு கிளம்புவதில்லை. முதல் பயணம் போகும் இளம் பறவைகளும் கூட்டத்தில் உண்டு. காற்று சில நாள் தளர்ந்துவிடும், அல்லது திரும்பிவிடும். 2017 டிசம்பரில் ஒக்கி புயல் குமரிக் கடலிலிருந்து அரபிக்கடலுக்குள் ஏறி மும்பை வரை மழையைக் கொண்டுவந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் முதுகில் தள்ள வேண்டிய காற்று முகத்தில் அறையும். கரையிலேயே காத்திருப்பதுதான் பிழைக்கும் வழி. சகியாத்ரியின், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின், மேற்கு விளிம்பைத் தாண்டினால் கொங்கணம் ஒரு கீற்று, அப்புறம் கடல். ஆக, இறங்க வேண்டுமென்றால் இறங்கக்கூடிய கடைசி மேட்டுப் புல்வெளி இதுதான். அதோடு லோனாவாலாவைச் சுற்றியுள்ள மாவல் பகுதி வயல்களில் நெல் அறுத்து முடிந்திருக்கும். தாளுக்கு நடுவே வெட்டுக்கிளி, மேலே தட்டான். நெடுஞ்சாலைக் கடைசிப் பெட்ரோல் பங்க் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா வண்டியும் நிற்காது. தேவைப்பட்டது நிற்கும்.

அன்று அவை செய்ததும் அதைத்தான். ஒன்று கம்பியிலிருந்து கிளம்பும், வயலுக்கு மேல் ஓரிடத்தில் சிறகடித்தபடி அசையாமல் நிற்கும், சட்டென்று காலை நீட்டி எதையோ பிடிக்கும், பறந்துகொண்டே காலை அலகுக்குக் கொண்டுபோய்த் தின்னும். தட்டானின் இறகு மட்டும் கீழே சுழன்றுகொண்டு விழும். ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்து, மேலே ஏறி, மேற்கே கரைந்துபோயின. வானம்பாடியை அன்று யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சி வழிநெடுக லோனாவாலாச் சிக்கி, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு எந்த விதத்தில் இளைத்தது என்று விளக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் எங்கள் ‘கண்டுபிடிப்பு’ எத்தனை பழையது என்று தெரிந்தது. லோனாவாலாப் புல்வெளிகளில் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் இவற்றைப் படமெடுக்கப் பல ஆண்டுகளாகவே ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். முன்பு அரிதாகப் பதிவான பறவை இப்போது ஆண்டுதோறும் பதிவாகிறதே, எண்ணிக்கை கூடிவிட்டதா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் கையில் நல்ல கேமரா இருந்தவர்கள் சிலர். பார்த்ததைத் தேதியோடும் இடத்தோடும் இ-பேர்டு போன்ற பொதுப் பதிவேட்டில் ஏற்றும் பழக்கம் அப்போது இங்கே இல்லை. பார்க்கிறவர்கள் பெருகினால் பார்த்தவையும் பெருகும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கோடு சேர்த்துத்தான் பறவைக் கணக்கைப் படிக்க வேண்டும். பறவை எதையும் காணாத நாளின் பட்டியலையும் ஏற்றுங்கள் என்று பதிவேட்டுக்காரர்கள் கெஞ்சுவது அதனால்தான். யாரும் கேட்பதில்லை, வெறும் பட்டியலைப் போட்டால் பெருமை இல்லையே.

நானும் கேட்டதில்லை. அன்றிரவு பழைய படங்களைப் புரட்டினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், அதே வயற்பக்கம், டிசம்பர் ஒன்பதாம் தேதி எடுத்த ஒரு படம். கம்பியில் தனியாக ஒரு பறவை. ‘செந்நிற வல்லூறு, பெண்’ என்று பெயரிட்டுச் சேமித்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். செம்பழுப்பாக இருக்க வேண்டிய முதுகு சாம்பலாக இருந்தது. கால் ஆரஞ்சு.

படத்தை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். ‘அது ஒண்டியாக அல்லவா உட்கார்ந்திருக்கிறது, நானும் ஏமாந்துதான் போயிருப்பேன் தம்பி’ என்று பதில் வந்தது.